சாம்பல் வாத்தியாரின் பஞ்சுப் பக்கம்

சாம்பல் வாத்தியாரின் கோபத்தைப் பங்கு போட்டிருந்தால், ராஜபாளையத்தில் வீட்டுக்கு ஒரு சண்டை தேறியிருக்கும். மழை பெய்தால் ஏன் பெய்தது என்று கோபம். நின்றால் ஏன் நின்றது என்று கோபம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர்தான் இரண்டாம் வகுப்பு வாத்தியார்.

சீமைக்குத் திரும்பிப்போன வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி விட்டுச்சென்ற ஆறு படப் புத்தகங்கள், தலைமையாசிரியர் அறை அலமாரியில் பூட்டிக் கிடந்தன. இன்ஸ்பெக்டர் வந்தால் மட்டும் வெளியே எடுப்பார்கள். பிள்ளைகள் தொட்டால் அழுக்காகிவிடுமாம். பிள்ளைகள் பார்க்காத படப் புத்தகத்தை வைத்து ஊறுகாயா போடப்போகிறார்கள்? வாத்தியார் ஒரு மாதம் விடாமல் கத்தினார். தொல்லை தாங்காமல் வெள்ளிக்கிழமை கடைசி மணியை 'லைப்ரரி பீரியடு' ஆக்கினார் தலைமையாசிரியர்.

அதற்கு முன்னால் கிணற்றடி. ஒரு சிரட்டைச் சாம்பலைத் தேய்த்துக் கைகழுவி, வெயிலில் காயவைத்து, வாத்தியார் மோந்து பார்க்க அவர் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டும். இப்படித்தான் அந்தப் பெயர் வந்தது.

"ஏலே, இது மாம்பழம். போ, திரும்பக் கழுவு!"

"ஏட்டி, கருவாடு தின்னுட்டா புஸ்தகம் பாக்க வந்த?"

பிறகு ஆளுக்கு ஒரு பக்கம் என்று கணக்கு. உன் பக்கத்தை நீதான் புரட்டலாம். வேறு யாராவது தொட்டால் மண்டையில் குட்டு. படத்துக்குக் கீழே இருந்த இங்கிலீஷை அவர் சட்டை செய்யவே இல்லை. படத்தில் இருந்தவர்களைத் திட்டினார்.

"இந்தப் பயலப் பாருங்கலே. மாட்ட அவுத்து விட்டுட்டுக் குழல் ஊதுதான். பயிரு என்னாகும்?"

நாலாம் பக்கம் செல்லத்தாயுடையது. வீடு, மரம், தரை எல்லாம் வெள்ளைவெளேர் என்றிருக்கும். அதைக் கண்டால் வாத்தியாருக்கு நரம்பு புடைத்துவிடும்.

"அம்புட்டுப் பஞ்சையும் தரையில கொட்டி வச்சிருக்கான்! ஒரு மழை பேஞ்சா என்ன செய்வான்?"

எங்களில் பாதிப் பேரின் அப்பன்மார் பருத்தியில் கொட்டை நீக்கிப் பஞ்செடுக்கும் ஜின்னிங் பாக்டரியில் வேலை பார்த்தவர்கள். எங்களுக்கு வயிறு எரிந்தது. "பொறுப்பத்த பய!" என்று எல்லோரும் சேர்ந்து கத்துவோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். நேரம் பார்த்து நாலாம் பக்கத்தைத்தான் விரித்தார். "இது என்ன?"

"பஞ்சு!" என்றது வகுப்பு.

"பொறுப்பத்த பய கொட்டிட்டான், சார்," என்று செல்லத்தாய் விளக்கமும் கொடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இது பனி ஐயா, பனி! குளிர் தேசத்தில் வானத்திலிருந்து கொட்டும்."

வாத்தியார் எழுந்தார். "நீங்க கண்ணால பாத்திருக்கியளா?"

"படித்திருக்கிறேன்."

"எம் பிள்ளைக பஞ்சக் கண்ணால பாத்திருக்காவ!"

சிரிப்பு நின்றது. அன்று மாலையே ஆறு புத்தகங்களும் அலமாரிக்குள் போயின. "தப்பும் தவறுமாகச் சொல்லிக் கொடுப்பவருக்கு லைப்ரரி எதற்கு?" என்று சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார் தலைமையாசிரியர். அந்தச் சாவியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. ஏழு வயதில் எங்களுக்கு இருந்த ஒரே புதையல் அந்த ஆறு புத்தகம்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுக்கு மணி அடித்தது. எங்களுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என்னலே உக்காந்திருக்கிய? போய்க் கையக் கழுவுங்க!"

கழுவினோம். மோந்து பார்த்தார். ஒருவனைத் திரும்பவும் அனுப்பினார். பிறகு வெறும் உள்ளங்கை இரண்டையும் எங்கள் முன்னால் விரித்தார். முதல் பக்கத்துக்காரன் எழுந்து வந்து காற்றைப் புரட்டினான். மாட்டுக்காரப் பயலுக்கு வழக்கமான ஏச்சு கிடைத்தது. இரண்டு, மூன்று பக்கமும் ஆயிற்று. அடுத்து, "அஞ்சாம் பக்கம்!" என்றார்.

செல்லத்தாய் எழுந்து நின்றாள். "ஐயா, எம் பக்கத்த விட்டுட்டிய."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அது பஞ்சு இல்லையாம்ட்டி. எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

"இருக்கட்டும் ஐயா. நான் கழுவிட்டு வந்துட்டேன்லா?"

கழுவிய கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். வாத்தியார் மோந்து பார்த்தார். அவர் குரல் கம்மிப்போய் நாங்கள் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"சரி, பொரட்டு."

பின்னாளில் உத்தியோகத்துக்காக இமயமலைப் பக்கம் போனபோது, உண்மையான பனியைப் பார்த்தேன். கூட வந்தவர்கள் அழகு, அழகு என்றார்கள். எனக்கு வந்தது கோபம். அம்புட்டுப் பஞ்சையும் இப்படிக் கொட்டி வைத்திருக்கிறார்களே என்று அவரைப் போலவே கத்த வாயைத் திறந்தேன். கத்தவில்லை; கையை எடுத்து மோந்து பார்த்தேன்.