தராசில் வைத்த கைபேசி

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் மாமியாரும் நலம், கைபேசியும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சென்ற முறை வந்தபோது உங்கள் கணக்கிலிருந்து எனக்கென ஒரு கார்டு வாங்கி என் கைபேசியில் சேர்த்துக் கொடுத்தீர்களே, அதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கல்யாணமான நாள் முதல் "சௌக்கியமா மாமா?", "சௌக்கியம் மாப்பிள்ளை" என்ற அளவில் நமக்குள் ஒரு மரியாதை இருந்துவருகிறது. என் அசட்டுத்தனத்தால் அது கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

கார்டு கைபேசிக்குள் இல்லை, வங்கியின் கணினியில் பத்திரமாக இருக்கிறது, இங்கே வருபவை ஒரு தடவை மட்டுமே செல்லும் சில ரகசிய எண்கள்தான், தீரத் தீர இணையம் வழியாக வந்து நிரம்பிக்கொள்ளும் என்று நீங்கள் பொறுமையாக விளக்கியதை நான் மறக்கவில்லை. ஆனால் எண்கள் வருகிற வழியாகவே வேறு ஏதாவது வெளியே போய்விட்டால் என்ன செய்வது என்று இணையத்தை அணைத்தே வைத்திருந்தேன், அப்படியும் சில நாள் வேலை செய்தது, என் முன்யோசனையை நானே மெச்சிக்கொண்டேன். நேற்று காய்கறிக் கடையில் தக்காளியை நிறுக்கும்போது கைபேசியை எங்கே காட்டுவது என்று தடுமாறித் தராசிலேயே வைத்துவிட்டேன். கல்லாவில் இருந்த பெண், "ஐயா, தக்காளி விலைக்கு உங்க ஃபோனையும் எடை போட்டுட்டேன்!" என்று சிரித்து, பணம் வாங்கும் மெஷினைக் காட்டினாள். காட்டினேன், தொட்டேன், தேய்த்தேன். மெஷின் வாயே திறக்கவில்லை. பின்னால் நின்றவர், "பெரியவரே, லேசா காட்டினா போதும், இஸ்திரி போடாதீங்க" என்றார். உங்கள் மாமியார் பையைக் கீழே வைத்துவிட்டு, "நெட்டை அணைச்சு வச்சிருப்பாரும்மா. திருடனுக்குப் பயந்து, தன்னையே வெளியில நிறுத்தி வீட்டைப் பூட்டுற மனுஷன்" என்றாள். அந்தப் பெண் இணையத்தைப் போட்டுவிட்டாள். சற்று நேரத்தில் மெஷின் "பீப்" என்றது. மறு நிமிடமே உங்கள் அழைப்பு!

நான் எடுத்த எடுப்பிலேயே, "மன்னிக்கணும் மாப்பிள்ளை, தக்காளிதான்" என்றேன்.

"எதுக்கு மாமா மன்னிப்பு? மெசேஜ் வந்துச்சு, சும்மா கூப்பிட்டேன். நல்ல தக்காளியா?" என்றீர்கள்.

அதில் ஆரம்பித்து, என் முழங்கால், உங்கள் மேலாளரின் கோபம், என் மகளுக்குத் தெரியாமல் நீங்கள் கருக்கிய பாத்திரம் என்று வீடு வரும் வரை பேசிவிட்டோம். அலுவலக நேரத்தில் உங்களை இப்படித் தொந்தரவு செய்தது தவறு. நான் எதை வாங்கினாலும் உங்களுக்குச் செய்தி வரும் என்று தெரிந்த பிறகு தூக்கமே இல்லை. ஆகவே கார்டை எடுத்துவிடவும்.

நீங்கள் இருவரும் மனம் நிறைந்து நெடுநாள் வாழ வாழ்த்தும்,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: இதை உங்கள் மாமியாரிடம் படித்துக் காட்டினேன். "எல்லாம் எழுதினீங்க. வீட்டுக்கு வந்தும் ரொம்ப நேரம் சிரிச்சுக்கிட்டே இருந்ததை எழுதலையே?" என்றாள். கார்டு இருக்கட்டும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு சோப்பு வாங்கலாம் என்றிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்களுக்கு மீட்டிங் இருந்தால் சொல்லுங்கள், பதினொரு மணிக்கு வாங்கிக்கொள்கிறேன்.