கண்ணைத் தவிர மிச்சமெல்லாம் மஞ்சள்

கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கிற நேரம் ஒன்றேகால் மணித்தியாலம். வெள்ளவத்தையிலிருந்து கட்டுநாயக்காவுக்குப் போய்ச் சேரவே சில நாட்களில் அதைவிடக் கூட நேரம் எடுக்கும். அப்படிப்பட்ட ஒரு பயணத்தில் என் தோலைப் பாதுகாக்கப் போய், விமானத்துக்குள் டொக்டரைத் தேடவைத்தவள் நான். இந்தக் கதையை என் கணவர் வீட்டார் என்னைவிட நன்றாகச் சொல்லுவார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றைக் கூட்டிச் சொல்லுகிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி நானே ஒருக்கால் எழுதிவைக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கொழும்பு புதுக்கடையில் ஒரு வக்கீலின் அலுவலகத்தில் டைப் செய்துகொண்டிருந்தேன். சுதர்சனோடு எனக்குச் சம்பந்தம் பேசி ஆறு மாதம். அவர் சிங்கப்பூரில் எஞ்சினியர். அவருடைய அம்மா, அதாவது என் வருங்கால மாமி, பிரச்சினைக் காலத்தில் சென்னைக்குப் போய் வளசரவாக்கத்திலேயே தங்கிவிட்டவர். ஆறு மாதமும் எல்லாரும் எல்லாரையும் ஃபோனில்தான் பார்த்தோம். இனி மாமி வீட்டில் மோதிரம் மாற்றுவது, பிறகு கொழும்பில் கலியாணம் என்று முடிவானது. அப்பாவுக்கு முழங்காலில் ஒப்பரேஷன் செய்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, பயணம் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதனால் அம்மாவும் நானும் வெள்ளிக்கிழமை போவது, சனிக்கிழமை காலை மோதிரம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் ஃபோனில் முகத்தை அழகாக்கிக் காட்டும் ஃபில்டர் ஒன்று இருந்தது. முதல்நாள் சுதர்சனோடு கதைத்தபோது நாடியில் ஒரு பரு. அதை மறைக்கத்தான் ஃபில்டரைப் போட்டேன். பரு இரண்டு நாளில் போய்விட்டது, ஃபில்டர் ஆறு மாதம் நின்றுவிட்டது. அதில் நான் உண்மையான என்னைவிட மூன்று மடங்கு வெளிச்சம், உதட்டுக்கும் தானாகவே சாயம். மாமி ஒருநாள் அம்மாவிடம், "பிள்ளை நல்ல பளிச்செண்டு இருக்கிறா" என்று சொல்லியிருக்கிறார். அம்மா அதைப் பெருமையாக வந்து சொன்னபோது நான் ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். (அம்மா என்னைத் தினமும் நேரில் பார்ப்பவர். அவருக்காவது ஒரு சந்தேகம் வந்திருக்கலாம்.)

நேரில் போய் நிற்கும்போது கொஞ்சமாவது அந்த ஃபோன்காரி போல இருக்கவேண்டும். பாமன்கடையில் சலூன் வைத்திருக்கும் என் சிநேகிதி றினோஸாவிடம் போனேன்.

"பிளேனுக்குள்ள தோல் காய்ஞ்சிரும் எண்டு சொல்றாங்களே, உண்மையா?"

"ஓம், உள்ளுக்க இருக்கிறது காய்ஞ்ச காத்துதானே. தண்ணி குடிங்க. மேக்கப் போடாம போங்க. ஒரு மொய்ஸ்சரைசர் பூசுங்க, உதட்டுக்கு பாம் போடுங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"நீங்க என்ன, அமெரிக்காவுக்கா போறீங்க?"

எனக்கு அவ்வளவு காணாது. வீட்டுக்கு வந்து வீடியோ தேடினேன். ஒரு பெண் பதினான்கு மணித்தியாலப் பறப்பில் தன் முகத்துக்கு ஏழு கட்டமாக என்னென்ன செய்கிறாள் என்று காட்டினாள். கடைசிக் கட்டம், கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் ஓட்டை விட்ட கடதாசி மாஸ்க் ஒன்றை நனைத்து முகத்தில் ஒட்டிக்கொண்டு படுப்பது. இறங்கும்போது அவள் முகம் கண்ணாடி போல இருந்தது. பதினான்கு மணித்தியாலத்தில் செய்வதை ஒன்றேகால் மணித்தியாலத்தில் செய்வதென்றால் மருந்தின் வீரியத்தைக் கூட்டவேண்டும் என்று நானே ஒரு கணக்குப் போட்டேன். கற்றாழை ஜெல், கொஞ்சம் தேங்காயெண்ணெய், கஸ்தூரி மஞ்சள்.

றினோஸாவுக்கு ஃபோன் அடித்துக் கேட்டேன்.

"கஸ்தூரி மஞ்சள் எண்டா கறை பிடிக்காது, பயமில்ல. ஆனா உங்களுக்கு என்னத்துக்கு இது?" என்றாள்.

பதிலின் முதல் பாதி மட்டும் எனக்குக் கேட்டது.

வெள்ளி விடிய, குசினித் தட்டில் இருந்த போத்தலிலிருந்து மூன்று கரண்டி மஞ்சளை எடுத்து, ஜெல்லோடும் எண்ணெயோடும் குழைத்துச் சின்னப் போத்தலில் அடைத்தேன். அம்மா அந்தப் பக்கத்தில் அப்பாவுக்கு இரண்டு நாளைக்குச் சமைத்து ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கவனிக்கவில்லை.

விமானத்தில் எனக்கு ஜன்னல் பக்கம், அம்மாவுக்கு நடு இருக்கை, ஓரத்து இருக்கை காலி. பெல்ட் லைட் அணையும்போதே அம்மா நித்திரை. நான் போத்தலைத் திறந்து, வாங்கி வைத்திருந்த கடதாசி மாஸ்க்கை நன்றாக ஊறவைத்து முகத்தில் ஒட்டினேன். வீடியோக்காரி இருபது நிமிடம் என்று சொல்லியிருந்தாள். கூட நேரம் வைத்தால் கூட நல்லதுதானே என்று நாற்பது நிமிடம் வைத்தேன். இடையில் விமானப் பணிப்பெண் சாப்பாடு கொண்டுவந்து, "வெஜ் ஓர் நொன் வெஜ்?" என்று கேட்டாள். வாயைத் திறந்தால் மாஸ்க் மடிந்துவிடும். இரண்டு விரலைக் காட்டினேன். அவள் இரண்டு சாப்பாடு வைத்துவிட்டுப் போனாள்.

பிறகு கழிவறைக்குப் போய் மாஸ்க்கை உரித்து, முகத்தைத் துடைத்துக் கண்ணாடியைப் பார்த்தேன். முகம் மஞ்சளாக மின்னியது. அங்கே லைட் மஞ்சள் என்று நினைத்தேன். (கழுத்து ஏன் மஞ்சளாக இல்லை என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு அன்று மூளை இல்லை.) உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்தும் இருந்தது. பளிச்சென்று இருந்தேன்.

திரும்பி வந்து இருக்கும்போது அம்மா கண் விழித்தார். என்னைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஐயோ பிள்ளை! உனக்கென்னடி?"

"என்னம்மா?"

"செங்கமாரி! கடவுளே, பிள்ளைக்குச் செங்கமாரி!" மஞ்சள் காமாலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்.

நான் ஃபோனை எடுத்து முகத்தைப் பார்த்தேன், ஃபில்டர் இல்லாமல். ஜன்னல் வெளிச்சத்தில் தாளித்த கிழங்கு போல இருந்தேன். கஸ்தூரி மஞ்சள் கறை பிடிக்காது என்று றினோஸா சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் இந்த மஞ்சள் வெளியிலிருந்து வந்ததல்ல, உள்ளேயிருந்துதான் வருகிறது. இரண்டு வாரத்துக்கு முன் புதுக்கடையில் ஒரு கடையில் குடித்த கரும்புச்சாறு ஞாபகம் வந்தது. ஈரல் போய்விட்டது, கலியாணம் நின்றுவிட்டது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் கிடக்க மாமி வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார், எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் கண்ணுக்கு முன்னால் ஓடியது. நானும் அழத் தொடங்கினேன். அழுதுகொண்டே கன்னத்தைத் துடைத்ததில் புறங்கையும் மஞ்சளானது. அதையும் நோய் பரவுகிறது என்றே எடுத்துக்கொண்டேன்.

அம்மா தலைக்கு மேலே இருந்த பட்டனை விடாமல் அமத்தினார். பணிப்பெண் ஓடிவந்தாள், என்னைப் பார்த்தாள், ஓர் அடி பின்னால் போனாள். சிறிது நேரத்தில், விமானத்தில் டொக்டர் யாரும் இருக்கிறார்களா என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள்.

ஐந்தாறு வரிசைக்குப் பின்னாலிருந்து ஒரு சிங்கள அம்மா எழும்பி வந்தார். நரைத்த தலை, பருத்திச் சேலை. கொழும்பில் நெடுங்காலம் டொக்டராக இருந்து ஓய்வுபெற்றவராம். என் கீழிமையை இழுத்துக் கண்ணைப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். வயிற்றை அமத்தி நோகுதா என்று கேட்டார். பிறகு கொஞ்சம் தள்ளிநின்று என் முகத்தை முழுசாகப் பார்த்தார். கடைசியாகக் குனிந்து என் கன்னத்தை மணந்தார்.

"மேக்க கஹ நேத?" என்றார். இது மஞ்சள்தானே என்று அர்த்தம்.

"பூசினனீங்களா?" அவருக்குக் கொஞ்சம் தமிழும் வந்தது.

"ஓம் டொக்டர். ஆனா அது கஸ்தூரி மஞ்சள். அது பிடிக்காது."

"மகளே, செங்கமாரி வந்தா முதல்ல கண்தான் மஞ்சளாகும். உங்களுக்குக் கண்ணைத் தவிர மிச்சமெல்லாம் மஞ்சள். கண்ணைச் சுத்தி வட்டம், வாயைச் சுத்தி வட்டம். எந்த நோய் வருத்தமும் இப்பிடி ஓட்டை விட்டு வராது." மறுபடி மணந்து பார்த்தார். "இது கறி மஞ்சள். பருப்பு மாதிரி மணக்குது."

நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்கள் வீட்டில் எந்தச் சாமானும் வாங்கிய பாக்கெட்டில் இருக்கக்கூடாது, அம்மா எல்லாவற்றையும் பழைய ஜாம் போத்தல்களில் கொட்டிவைப்பார். பெயர் எழுதி ஒட்டுவதில்லை. இரண்டு மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன.

டொக்டர் அம்மா சிரிக்காமல் தன் இருக்கைக்குப் போய்விட்டார். அவர் சிரிக்கவில்லை என்பதற்காகவே அவரை நான் இன்றுவரை நன்றியோடு நினைக்கிறேன். சுற்றியிருந்த இருபது பேர் அவருக்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

ஆனால் அதற்குள் விமானத்திலிருந்து கீழே தகவல் போய்விட்டது. சென்னையில் இறங்கியதும் எங்களை ஓர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். சுகாதார அதிகாரி, கையில் ஒரு ஃபாரத்தோடு, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"காமாலையா?"

"இல்லை சேர். மஞ்சள்."

"அதான் கேக்கறேன். மஞ்சள் காமாலையா?"

"இல்லை, வெறும் மஞ்சள்."

"வெறும் மஞ்சள்னா? எத்தனை நாளா இருக்கு?"

"இண்டைக்கு விடியத்தான் குழைச்சனான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த நேரம் பார்த்து அம்மாவின் ஃபோன் அடித்தது. வெள்ளவத்தையிலிருந்து அப்பா. அம்மா பதற்றத்தில் எதையோ அமத்த, அப்பாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"இஞ்சை, பருப்புக்கு என்னத்தைப் போட்டனீர்? வாயில வைக்கேலாமல் கிடக்கு. சவர்க்காரம் மாதிரி மணக்குது!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நான் எடுத்தது கறி மஞ்சள் என்றால், அம்மா சமைத்தது எதில் என்று அப்போதுதான் விளங்கியது. எல்லாவற்றையும் அதிகாரிக்கு விளக்கிச் சொன்னோம். அவர் என் போத்தலை வாங்கித் திறந்து மணந்து பார்த்து, ஃபாரத்தில் ஒரு சொல் எழுதி எங்களைப் போகவிட்டார். என்ன எழுதினார் என்று பார்க்கிற தைரியம் எனக்கு இருக்கவில்லை.

ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வெளியே வந்தோம். சுதர்சன் பூங்கொத்தோடு நின்றார், பக்கத்தில் மாமி. ஆறு மாதமாக நான் பயந்த நிமிடம் அது. சவர்க்காரம் போட்டு மூன்று முறை கழுவியும், எண்ணெயோடு ஊறிய மஞ்சள் அசையவில்லை. கழுத்து என் சொந்த நிறம், முகம் மஞ்சள், கண்ணைச் சுற்றி மறுபடி சொந்த நிறம்.

மாமி கிட்ட வந்து என் நாடியைப் பிடித்து, பெருவிரலால் கன்னத்தைத் தேய்த்து, விரலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் கேட்டார்:

"என்ன, பிள்ளைக்கு மஞ்சள் தண்ணி வார்த்துச் சாமத்தியச் சடங்கு இப்பத்தான் முடிச்சுக் கூட்டிக்கொண்டு வாறீங்களோ?"

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. விமானத்தில் ஏற்கெனவே எல்லா மானமும் போய்விட்டதால், மிச்சத்தையும் கொட்டிவிடலாம் என்ற ஒரு துணிவு வந்தது.

"மாமி, இது கறி மஞ்சள், கழுவப் போயிடும். ஆனா ஃபோனில பார்த்த நிறமும் என்ர நிறமில்லை. அது ஃபில்டர். என்ர நிறம் இதுதான்." கழுத்தைக் காட்டினேன். "ஆறு மாசமா ஏமாத்தினனான். பிடிக்காட்டி இப்பவே சொல்லுங்கோ, பின்னேர பிளேனில போயிடுறம்."

அம்மா, "விசரி, வாயை மூடு" என்று என் கையைக் கிள்ளினார்.

சுதர்சன் பூங்கொத்தை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். "ஃபில்டர் எண்டு எனக்கு முதல் மாசமே தெரியும்" என்றார்.

"எப்பிடி?"

"ஒருநாள் உங்கட அப்பா உங்களுக்குப் பின்னால வந்து நிண்டவர். அவருக்கும் லிப்ஸ்டிக் இருந்தது."

மாமிதான் முதலில் சிரித்தார், தூணைப் பிடித்துக்கொண்டு. பிறகு அம்மா. கடைசியில் நானும் சிரித்தேன், ஆனால் என் சிரிப்பில் பாதி அழுகை. சுதர்சன் பூங்கொத்தை என் கையில் தந்தார். அதிலும் மஞ்சள் பூக்கள்தான்.

அன்று பின்னேரம் முழுக்க மாமி தன் கையால் தயிர், கடலை மா, தேசிக்காய் என்று மாற்றி மாற்றிப் பூசிக் கழுவினார். "நல்ல தோல் பிள்ளை உனக்கு, இதில ஏன் வேலை காட்டினனி?" என்று திட்டிக்கொண்டே தேய்த்தார். பாதி மஞ்சள் போனது. மிச்சப் பாதியோடு சனிக்கிழமை மோதிரம் மாற்றினேன்.

இப்போது சுதர்சனுக்குக் கொழும்பில் வேலை, நாங்கள் கல்கிசையில் இருக்கிறோம். விமானத்தில் போனால் தண்ணீர் குடிக்கிறேன், மொய்ஸ்சரைசர் பூசுகிறேன், உதட்டுக்கு பாம். அவ்வளவுதான். றினோஸா இதை வாசித்தால் அவளுக்கு ஒரு பிரியாணி வாங்கிக் கொடுக்கவேண்டும்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை எடுத்த படம் எங்கள் ஹோலில் பெரிதாகத் தொங்குகிறது. படம் பிடித்த தம்பி என் முகத்து மஞ்சளை எடுப்பதற்காகக் கம்ப்யூட்டரில் மொத்தப் படத்திலும் மஞ்சளைக் குறைத்திருக்கிறார். அதில் நான் அச்சொட்டாக என் நிறத்தில் இருக்கிறேன். மற்ற எல்லாரும் நீலம். சுதர்சன் நீலம், அம்மா நீலம், ஐயர் கடும் நீலம், தட்டில் இருந்த வாழைப்பழம்கூட ஏதோ கண்டறியாத பழம் போல இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் தேத்தண்ணீரைக் கையில் வாங்கியதும் கேட்கிற முதல் கேள்வி அதைப் பற்றித்தான்.

மாமி வருடத்துக்கு ஒருமுறை வந்து எங்களோடு நிற்பார். அவர் இருந்தால் பதில் சொல்ல எங்களை விடமாட்டார். விமானம், டொக்டர், அதிகாரி, லிப்ஸ்டிக் என்று முழுக்கதையையும் சொல்லி (சென்ற முறை அதில் ஒரு அம்புலன்ஸும் சேர்ந்துவிட்டது), கடைசியில் படத்தைக் காட்டி இப்படித்தான் முடிப்பார்:

"செங்கமாரி வருத்தக்காரி எண்டு மறிச்சு வைச்சாங்கள். பாருங்கோ, அண்டைக்கு அந்த வீட்டில சுகமா இருந்தது என்ர மருமகள் ஒருத்திதான்."