ரத்தப் பரீட்சைக்குப் படிப்பவர்

பரீட்சைக்கு முந்தைய வாரம் மட்டும் புத்தகத்தைத் தொட்டுப் பாஸாகிவிடும் பையன்களை உங்களுக்குத் தெரியும். அவர்கள் வளர்ந்து, தொப்பை போட்டு, பென்ஷன் வாங்க ஆரம்பித்ததும் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ரத்தப் பரிசோதனைக்குப் படிக்கிறார்கள்.

தென்காசியில் இந்த இனத்துக்குத் தலைவர், ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர் குத்தாலிங்கம் அண்ணாச்சி. அவருடைய இதயம் ஒழுங்காகத் துடிப்பதில்லை. இஷ்டத்துக்கு ஓடும், தயங்கும், தாவும். "துடிப்பு இப்படி இருக்கும்போது சர்க்கரை, கொழுப்பு, தொப்பை எல்லாம் சேந்தா மாரடைப்புக்கு வழி" என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். அண்ணாச்சிக்குப் புரிந்தது ஒன்றுதான்: ரிப்போர்ட்டில் நம்பர் குறைய வேண்டும். நம்பர்தானே?

ரத்தம் கொடுக்க ஒரு வாரம் இருக்கையில் வீட்டில் தடை உத்தரவு அமலுக்கு வரும். பாகற்காய், கொள்ளு ரசம், உப்பில்லாத கஞ்சி. விடிந்ததும் ஐந்தருவி ரோட்டில் விறுவிறுவென்று நடை. வழியில் குவித்திருக்கும் ரம்புட்டான் பழத்தைக்கூட பழைய கேடியைப் பார்ப்பதுபோல் முறைத்துவிட்டுப் போவார். தவம்!

ரத்தம் கொடுத்தாரோ இல்லையோ, கையில் ஒட்டிய பஞ்சோடு கேரள எல்லையோரம் செங்கோட்டை பார்டர் கடையில் பரோட்டாவுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். கூட்டாளி மைதீனுக்கே பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, ரிசல்ட்டாவது வரட்டுமே?"

"ஓய், ரத்தத்த எடுத்துட்டுப் போயிட்டாம்லா. இனி நான் என்ன தின்னுதேன்னு அதுக்கு எப்படிவே தெரியும்?"

ரிப்போர்ட் ஜோராக வந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏறியது. டாக்டரம்மாவும் நம்பி, சர்க்கரை மாத்திரையைக் குறைத்துவிட்டார். அண்ணாச்சியின் மனைவி ஆனந்தவள்ளிதான் விடவில்லை.

"டாக்டரம்மாகிட்ட நெசத்தச் சொல்லிருங்க. எனக்குப் பயமா இருக்கு."

"பாஸான பேப்பர மறுபடி திருத்துன்னு எவனாவது குடுப்பானாட்டி?"

சாரல் காலம் வந்தது. சாரலில் பார்டர் பரோட்டா தின்னாதவன் இந்த ஊர்க்காரனா? அண்ணாச்சி ஊர்ப்பற்று மிக்கவர். ஒருநாள் மாலை பரோட்டாவும் நாட்டுக்கோழியுமாக ஒரு பிடி பிடித்துவிட்டு வீடு திரும்பியவருக்கு நெஞ்சை யாரோ கவ்விப் பிடித்ததுபோல் இருந்தது. சட்டை தொப்பலாக வியர்த்துவிட்டது. ஆனந்தவள்ளி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

நர்ஸ் இசக்கிச்செல்வி ஊசியோடு வந்தாள். அண்ணாச்சி படக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"எம்மா, இன்னைக்கு வேண்டாம். இப்பந்தான் பரோட்டா தின்னுட்டு வாரேன். ஒரு வாரம் டயம் குடு, நானே வந்து ரத்தம் குடுக்கேன்."

"மாரடைப்பான்னு பாக்கத்தான் எடுக்கோம் அண்ணாச்சி. அப்படியே மூணு மாசச் சர்க்கரையும் பாத்துருவோம்."

"மூணு மாசத்துக்கும் சேத்தா?"

நெஞ்சுவலிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மனிதர் அப்போதுதான் அலறினார். ஆனந்தவள்ளி கண்ணீரைத் துடைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்து நர்ஸிடம் நீட்டினாள். "எடும்மா. இவுக தின்னதெல்லாத்தையும் டாக்டரம்மாகிட்ட நான் சொல்லுதேன்."

மாரடைப்பேதான். நல்லவேளை, சின்னதாக வந்து போனது. அவரைவிட அவளுக்குத்தான் உயிர் திரும்பி வந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆமாம், இன்றைக்குக் காப்பியில் சர்க்கரை வேண்டாம் என்றீர்களே, ரத்தம் கொடுப்பது வரும் திங்கட்கிழமையா?