விண்டோஸ் பத்தின் ஓய்வும் மாடசாமி கோயில் வரிசையும்

சங்கரன்கோவில்,
பங்குனி 14, சனிக்கிழமை.

பொருள்: பழைய பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தேடி அனுப்பக் கோருதல், மிக அவசரம்.

அன்பு மருமகன் சபரிநாதனுக்கு தாய்மாமன் நாறும்பூநாதன் எழுதுவது. இங்கே நானும் முத்துமீனாள் அத்தையும் வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு சௌகரியமாக இருக்கிறோம். சென்னையில் நீயும் மாலதியும் குழந்தையும் மாத்திரை இல்லாமலே சௌகரியமாக இருக்கச் சங்கரலிங்க சுவாமியும் கோமதியம்மாளும் துணை நிற்பார்களாக. போன் இருக்கும்போது மாமா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீ கேட்பாய். போனில் பேசினால் அத்தைக்குக் கேட்கும். அத்தைக்குக் கேட்டால் தெருவுக்குக் கேட்கும். அதனால்தான் தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பது வருசத்துக்கு முன்னால் நீ காலேஜில் படிக்கும்போது திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தாய். அதில் விண்டோஸ் பத்து போட்டுக் கொடுத்து, "மாமா, இனிமே ஒங்களுக்கு கவலையே கெடையாது" என்றும் சொன்னாய். போன புரட்டாசியில் ஒருநாள் காலையில் அதைத் திறந்தால் திரை முழுக்க ஒரு அறிவிப்பு. அக்டோபர் பதினாலாம் தேதியோடு இதற்கான ஆதரவு முடிகிறதாம். மேலநீலிதநல்லூர் யூனியன் ஆபீசில் முப்பத்து நாலு வருசம் குப்பை கொட்டியவன் நான். வயது முதிர்வு ஓய்வு என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் மனிதனுக்கு ஓய்வு என்றால் முன்கூட்டியே காகிதம் வரும், பென்ஷன் கோப்பு நகரும், கடைசி நாளில் ஒரு சால்வையாவது போடுவார்கள். ஒன்பது வருசத்தில் ஒருநாள் கூட லீவு எடுக்காத அந்த மிஷினுக்கு 'பிறகு நினைவூட்டு' என்று ஒரு பொத்தானைத்தான் வைத்திருந்தார்கள். நான் தினமும் அதை அமுக்கினேன். ஆபீசில் எத்தனையோ கோப்புகளை அப்படித்தான் கடத்தியிருக்கிறேன். எதுவும் கெட்டுப்போனதில்லை.

பதின்மூன்றாம் தேதி சாயங்காலமே அணைத்து, துண்டைப் போட்டு மூடிவிட்டேன். மூன்று நாள் கிட்டேயே போகவில்லை. நாலாம் நாள் மனசு கேட்காமல் போட்டுப் பார்த்தால் எப்போதும்போலத்தான் ஓடுகிறது. ரிட்டயர் ஆன மறுவாரமும் நான் ஆபீசுக்குப் போய் என் பழைய நாற்காலியில் உட்கார்ந்தேன் இல்லையா, அந்த மாதிரிதான். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பென்ஷனர்கள் வாட்ஸப் குழுவில் தினம் ஒருவர் பயமுறுத்தினார்கள். ஆதரவு இல்லாத கம்ப்யூட்டரில் திருடன் சுவர் ஏறாமலே வந்துவிடுவானாம், பென்ஷன் முதற்கொண்டு வழித்துக்கொண்டு போவானாம். தை மாசம் வரை தாக்குப்பிடித்தேன். அதற்கு மேல் தூக்கம் வரவில்லை. கம்ப்யூட்டர் பெட்டியை ஒரு மஞ்சள் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் ரோட்டில் ஹஸ்னா பானு நடத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன்.

அந்தப் பெண் கெட்டிக்காரி. பத்து நிமிஷம் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இதுல பதினொண்ணு ஏறாது. இதுக்குத் தகுதி இல்லன்னு வருது" என்றாள்.

"தகுதி இல்லையா? நல்லாத்தானம்மா ஓடுது?"

"ஓடும் சார். ஆனா தகுதி இல்ல."

இதே பதிலை முப்பத்து நாலு வருசம் நான் ஜனங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். மறுபக்கம் நின்று கேட்கும்போதுதான் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. கடைசியில் பழசைக் கொடுத்துவிட்டு ஒரு லேப்டாப் எடுத்துக்கொண்டேன். பழையதில் இருந்ததையெல்லாம் புதுசுக்கு மாற்றித் தருவதாகச் சொன்னாள், மாற்றியும் தந்தாள். அதற்கு ஒரு வாரம் கழித்து வாட்ஸப்பில் இன்னொருவர் சொல்கிறார், கேட்டிருந்தால் ஒரு வருசம் எக்ஸ்டென்ஷன் கொடுத்திருப்பார்களாம்! பார்த்தாயா? எங்கே போனாலும் இதுதான். எக்ஸ்டென்ஷன் எல்லாம் விவரம் தெரிந்தவனுக்குத்தான் கிடைக்கும். எனக்கும் கிடைக்கவில்லை, என் மிஷினுக்கும் கிடைக்கவில்லை.

இதோடு போயிருந்தால் உனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். கரிவலம்வந்தநல்லூர் விலக்கில் இருக்கும் நம் மாடசாமி கோயிலுக்குப் பங்குனி கடைசிச் செவ்வாய் கொடைத் திருவிழா. வரி கொடுக்கும் குடும்பம் அறுபத்திரண்டு தலைக்கட்டு. கொடை முடிவில் மரியாதை கொடுக்கும்போது ஒவ்வொரு தலைக்கட்டாக நான்தான் மைக்கில் பெயர் வாசிப்பேன். முதல் ஆளுக்குப் பரிவட்டம், மாலை, தேங்காய் மூடி. முதல் பத்துப் பேர் வரை மூடி உண்டு. அப்புறம் பழம். அப்புறம் பூ. கடைசியில் வெறும் திருநீறு. யார் எத்தனையாவது என்பதில்தான் நம்மாட்களுக்கு உயிரே இருக்கிறது. நாற்பது வருசத்துக்கு முன்னால் இந்த வரிசையில் தகராறு வந்து நாலு வருசம் கொடையே நின்றது. அந்த நாலு வருசத்தில் ஊரில் என்ன கெட்டது நடந்தாலும், பம்பு செட் எரிந்தால்கூட, கொடை நின்றதால்தான் என்றார்கள். அந்த வரிசையை நான் நோட்டைப் பார்த்து வாசிக்க வாசிக்க நீ எக்செல்லில் அடித்துக் கொடுத்தாய், ஞாபகம் இருக்கும். "மாமா, வரிசை எண் போடட்டா?" என்று கேட்டாய். "போடாத. நம்பரப் பாத்தா சண்டைக்கு வருவான்" என்று நான்தான் தடுத்தேன். அந்தப் பழைய நோட்டைக் கரையான் தின்றுவிட்டது என்பதும் உனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை கொடைக் கமிட்டி கூடியது. புது லேப்டாப்பில் இருந்து புத்தம்புதிதாகப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வழக்கம்போல ஒருதரம் வாசித்துக் காட்ட எழுந்து, கண்ணாடியைத் துடைத்து, குரலைச் சரிசெய்துகொண்டு முதல் பெயரை வாசித்தேன். ஆவுடையப்பன்.

கோமதிநாயகம் அண்ணாச்சி, பரம்பரையாக முதல் மரியாதை வாங்குகிறவர், துண்டை எடுத்துத் தோளில் போடப் போனவர் பாதியில் நின்றுவிட்டார். ஆவுடையப்பன் யார்? என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை, பட்டியலில் அறுபத்திரண்டாவது ஆள். நான் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். அடுத்தது இசக்கிமுத்து, அதற்கடுத்தது ஈஸ்வரமூர்த்தி. கோமதிநாயகம் அண்ணாச்சி பதினெட்டு. எப்போதும் ரெண்டாவது தேங்காய் மூடி வாங்குகிற வேலாயுதம் அறுபத்தொன்று.

"என்னவே இது?" என்றார் அண்ணாச்சி. "கம்ப்யூட்டர் இப்படித்தான் சொல்லுது, அண்ணாச்சி" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

"எங்க தாத்தன் காலத்துல இருந்து மொதத் தேங்கா மூடி எங்கையிலதான் விழும். இப்ப ஒரு பொட்டி வந்து நாட்டாமை பண்ணுதோ?"

அதற்குள் இசக்கிமுத்து எழுந்துவிட்டான். முப்பத்தெட்டில் இருந்து ரெண்டுக்கு வந்தவன் சும்மா இருப்பானா? "பொட்டின்னு சொல்லாதீக. மாடசாமி யாரு மேல எறங்குவாருன்னு யாருக்குத் தெரியும்? மிசினு மேல எறங்கி உத்தரவு குடுத்துருக்காரு" என்கிறான். மேலே போனவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கீழே போனவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டரே வேண்டாம் என்றார்கள். சரி, பழைய வரிசையை நினைவிலிருந்தே எழுதிவிடலாம் என்று நான் பேனாவை எடுத்தேன். எழுத ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, அவனவனுக்கு அவனவன் இடம் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது, அதுவும் நிஜமான இடத்துக்கு நாலைந்து இடம் மேலே. முதல் பத்து இடத்துக்கு இருபத்து மூன்று பேர் வந்து நின்றார்கள். போன வருசம் வாசித்த தாள் எங்கே என்று கேட்டால், அதில்தான் அத்தை திருநீறு மடித்துக் கொடுத்திருக்கிறாள். நீ பத்திரமாக வை என்று தந்த பென் டிரைவை மைக் செட்காரர் வாங்கி, உள்ளே இருந்ததை அழித்துவிட்டு வில்லுப்பாட்டு ஏற்றிவிட்டார்.

மறுநாள் காலையில் ஹஸ்னா பானுவிடம் ஓடினேன்.

"அதுவா சார்? பேரெல்லாம் கண்டமேனிக்குக் கெடந்துச்சு. பாக்கவே சங்கடமா இருந்துச்சு. நாந்தான் ஆனா ஆவன்னா வரிசைல அடுக்கி வச்சேன். அதுக்குன்னு தனியா துட்டு ஒண்ணும் வாங்கல சார்" என்கிறாள். நம் முன்னோர் அடித்துக்கொண்டு செத்து உண்டாக்கின வரிசை அந்தப் பெண்ணுக்குக் கண்டமேனியாகத் தெரிந்திருக்கிறது. பழைய கம்ப்யூட்டரையாவது கொடும்மா என்றேன்.

"அது அப்பவே மதுரைக்குப் போயிட்டு சார். நீங்கதான திருட்டுப் பயம்னு உள்ளார ஒரு எழுத்து இல்லாம தொடைக்கச் சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். பக்கத்தில் நின்று அவள் துடைப்பதை மேற்பார்வையும் பார்த்தேன்.

இப்போது நிலைமை இதுதான். கோமதிநாயகம் அண்ணாச்சி பழைய வரிசை வந்தால்தான் கொடைக்குக் கால் எடுத்து வைப்பேன் என்கிறார். இசக்கிமுத்து கட்சி, சாமி உத்தரவை மாற்றினால் பந்தல் காலைப் பிடுங்குவோம் என்கிறது. கொடை நின்றால் மாடசாமி யார் கழுத்தைப் பிடிப்பார்? பட்டியல் வைத்திருந்தவன் கழுத்தைத்தான். போதாக்குறைக்கு ஆவுடையப்பன் வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தான். அவன் என் வீட்டுப் படி ஏறி ஒன்பது வருசம் ஆகிறது. உட்காரச் சொன்னேன், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். அத்தை காப்பி கொடுத்தாள். முழுவதும் குடித்தான்.

"நெசமாவா அண்ணே? எம்பேரா மொதல்ல வருது?"

"அப்படித்தான்டே வந்துருக்கு. இன்னும் முடிவாகல" என்றேன்.

"முடிவாகாட்டாலும் பரவால்ல அண்ணே. கோயமுத்தூர்ல இருக்க மகளுக்குச் சொல்லிட்டேன். மாப்பிள்ளயோட வாரேன்னு சொல்லிருக்கா. ஒம்போது வருசமா அவ கொடைக்கி வரல்ல. எதுக்கு வரணும்னு கேப்பா. நானும் கூப்புடல்ல." பிறகு பையில் இருந்து ஒரு புது வேட்டியை எடுத்து, கரை சரியாக இருக்கிறதா என்று என்னிடம் காட்டினான். சரியாக இருக்கிறது என்றேன்.

ஆகவே மருமகனே, உன் மெயிலில், பழைய போனில், காலேஜ் சர்டிபிகேட் வைத்திருக்கும் பெட்டியில், எங்காவது அந்தப் பட்டியலின் நகல் இருக்கிறதா என்று தேடு. ஆபீசுக்கு ஒருநாள் லீவு போட்டாவது தேடு. இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே எனக்குத் தகவல் வர வேண்டும். முன்னோர் வகுத்த வரிசை ஒரு எழுத்து மாறாமல், ஒரு இடம் பிசகாமல் திரும்பி வந்தால்தான் இந்த ஊரில் நான் தலை நிமிர்ந்து நடக்க முடியும். உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

மாலதியை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். குழந்தைக்கு மாடசாமி திருநீறு தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அக்காளுக்கு என் நமஸ்காரம். நீங்கள் எல்லோரும் நோய் நொடி இல்லாமல், பழுதாகாத சாமான்களோடும் பழுதாகாத மனசோடும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா,
கா. நாறும்பூநாதன்,
உதவியாளர் (ஓய்வு).

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது பேனாவை மறுபடி எடுத்தேன். மருமகனே, எதையும் தேட வேண்டாம். தேடிக் கிடைத்தால் அழித்துவிடு. கோமதிநாயகம் அண்ணாச்சியோ வேறு யாரோ போன் போட்டுக் கேட்டால் இல்லவே இல்லை என்று சொல். நோட்டைக் கரையான் தின்றது என்று மேலே எழுதியிருக்கிறேன். கரையான் மேல் அபாண்டம் சொல்லக் கூடாது. நான்தான் அதை வெந்நீர் அடுப்பில் போட்டேன். அந்த நோட்டில் ஆவுடையப்பன் ஏழாவது பெயர், நான் நாற்பத்தொன்று. நான் பார்த்து வாசிக்கிறேன் என்று நினைத்துத்தான் நீ அடித்தாய். ஏழு வந்தபோது நான் என் பெயரைச் சொன்னேன். கடைசியில் அவன் பெயரைச் சொன்னேன்.

அந்த வருசம் என் மகள் கல்யாணத்துக்கு வந்தவன் பந்தியில் உட்காராமல் போய்விட்டான். என்னை அவமானப்படுத்திவிட்டான் என்று எனக்கு அப்படி ஒரு கோபம். அன்றைக்கு அவன் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மொய் எழுத மட்டும் ஓடி வந்து திரும்ப ஓடியிருக்கிறான். இது எனக்கு அடுத்த மாசமே தெரியும். திருத்தியிருக்கலாம். திருத்தினால் ஏன் திருத்தினாய் என்று கேட்பார்களே என்று 'பிறகு' 'பிறகு' என்று ஒன்பது கொடையை ஓட்டிவிட்டேன். மற்ற யாருக்கும் இடம் இறங்காததால் ஊரில் யாரும் கேட்கவில்லை. அவனும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அண்ணாச்சி வீட்டுக்கு நாளைக்குப் போகிறேன். ஆனா ஆவன்னா வரிசையில் யாரும் யாருக்கும் கீழே இல்லை, பெயர் வைத்த அப்பனைப் போய்க் கேளுங்கள் என்று சொல்லப் போகிறேன். சண்டை போட்டால் போடட்டும். என் பெயர் நாற்பதைத் தாண்டி எங்கோ வருகிறது, அது சரியான இடம்தான். இத்தனை வருசமும் ஆவுடையப்பன் பெயரை வாசிக்கும்போது பாதிப் பேர் எழுந்து பந்திக்குப் போயிருப்பார்கள். இந்தக் கொடையில் அவன் பெயரை நான் வாசிக்கும்போது எல்லோரும் இருப்பார்கள். அவன் மகளும் இருப்பாள்.