பத்து நொடி அருள்

மூச்சுச்சாமி வரும் நாளில் போட்டோ ஸ்டுடியோவில் மனிதர்களைவிடப் பொருள்கள் அதிகம். குக்கர், செருப்பு, தலையணை, தண்ணீர் மோட்டார். விலைப்பட்டியல் புத்தகத்திலும் இணையக் கடையிலும் இடம்பிடிக்க வந்தவை. எல்லாவற்றுக்கும் ஒளிவட்டம் வேண்டுமாம்.

சாமி கண்ணை மூடி முணுமுணுப்பார். பிறகு லென்ஸ் மேல் நீளமாக "ஹா" என்று ஊதுவார்.

"எடு, எடு! அருள் பத்து நொடிதான் நிக்கும்."

படம் கணினித் திரையில் விழும். குக்கரைச் சுற்றிப் பால்போல் ஒளி. கூட்டம் வாய்பிளக்கும். குக்கரின் விசில் எங்கே என்று படத்தில் தெரியாது. யாரும் கேட்டதில்லை.

அருள் இறங்க ஏசி பதினாறில் இருக்க வேண்டும். வெயில் ஆகாத தெய்வீகம்.

போன வாரம் சாமி இன்னொன்றும் சொன்னார்: படம் எடுக்கும் அக்காவின் பார்வை சரியில்லை, அவள் கண்பட்ட சரக்கு விற்காது. பதினொரு வருடமாக அவள் எடுத்த படத்தில் கீறல்கூடத் தெரியும். அதுதான் குற்றம். முதலாளி தலையாட்டினார். இன்றோடு அவளுக்கு வேலை இல்லை.

"கடைசி நாளு, ஒரு சந்தேகம் சாமி," என்றாள் அக்கா. "அருள் பொருள்மேல இறங்குதா, கேமரா மேலயா?"

"பொருள்மேலதாம்மா. கேமரா வெறும் வழி."

"அப்ப குக்கர் மேலயே ஊதுங்களேன்."

சாமி கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் சாமியைப் பார்த்தது. வேறு வழியில்லை. ஊதினார்.

படத்தில் குக்கர் குக்கராகவே இருந்தது. வயிற்றில் ஒரு மங்கல் திட்டு மட்டும்.

"பாத்தீங்களா! இவ பார்வைதான் தடுக்குது!"

"சரி. அடுத்த படத்தையும் இதே பார்வையோட நான்தான் எடுக்கப்போறேன்."

அக்கா குக்கரை நகர்த்தி, தரை துடைக்கும் மாப்பை நிறுத்தினாள். "ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு" என்று முணுமுணுத்து, லென்ஸில் "ஹா" என்று ஊதி, பொத்தானை அழுத்தினாள்.

திரையில் மாப் ஞானியைப்போல ஒளிவீசியது.

"வெறும் மூச்சா?" என்றார் முதலாளி.

"ஜில்லுனு இருக்கற கண்ணாடில மூச்சு பட்டா பனி பிடிக்கும். வெளிச்சம் அதுல சிதறும். டீ குடிக்கறப்ப உங்க கண்ணாடில பாத்ததில்லையா சார்?"

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். புதிதாக வாங்கியதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூச்சு முட்டுது. கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்," என்று சாமி வெளியே போனார். இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வருவம்மா?" முதலாளியின் குரல் இறங்கியிருந்தது.

"வழக்கம்போலதான். ஏசி இருபத்தஞ்சுல இருக்கணும்."

செருப்புக்காரர் முண்டியடித்து முன்னால் வந்தார்.

"சாமி போனா போகட்டும்க்கா. எங்க செருப்புக்கு நீங்களே ஒரு ஊது ஊதிடுங்க."

அவர் பின்னால் வரிசை கட்டியாகிவிட்டது.

அக்கா லென்ஸ் துடைக்கும் துணியை அவர் கையில் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"லென்ஸ நான் தொடச்சிட்டேன். மூளைல பிடிச்ச பனிய நீங்கதான் தொடைக்கணும்."