குளித்ததும் திறக்கவும்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். அங்கே நீயும் உன் வீட்டாரும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு மேலே போகிறேன். கேட்டால் நீ பதில் போடமாட்டாய் என்பது மூன்று வருடமாகத் தெரிந்த விஷயம். இந்தக் கடிதம் குழாயைப் பற்றியது. வேறு எதைப் பற்றியும் இல்லை. ஆகவே பயப்படாமல் படிக்கலாம்.

நீ மாடியைக் காலி செய்துகொண்டு போன அன்று, உண்மையைச் சொன்னால், எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது. மாடியில் நாலு பேர் குளிப்பதால்தான் கீழே தண்ணீர் வரவில்லை என்று அதுவரை எதிரே வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா, இனி கொட்டோ கொட்டென்று கொட்டப்போகிறது என்று பெரிய வாளியாகப் பார்த்து வாங்கி வைத்தேன். மறுநாள் காலை குழாயைத் திறந்தால் அதே நூல். வாளி நிரம்புவதற்குள் செய்தித்தாளை விளம்பரம் உட்படப் படித்து முடித்துவிடலாம். "அவங்க போயும் வரலையே, இப்ப யாரைச் சொல்லப் போறீங்க?" என்றாள் உன் அண்ணி. கொஞ்ச நாள் வெயிலைச் சொன்னேன். பிறகு தொட்டியைச் சொன்னேன். அதற்குள் எட்டிப் பார்க்கப் போய் மூக்குக் கண்ணாடி விழுந்து, அதை எடுக்க இறங்கி, ஏறத் தெரியாமல் இடுப்பளவு தண்ணீரில் அரை மணி நேரம் நின்றேன். தொட்டியில் தண்ணீருக்குக் குறைவில்லை என்பதற்கு நானே சாட்சி.

கடைசியில் போன வாரம் பிளம்பரைக் கூப்பிட்டேன். வந்தவர் வாயால் பேசுவதைவிடச் சுவரில் காது வைத்துக் கேட்பதே அதிகம். "சார், இதுக்கு ஏதாவது படம் இருக்கா?" என்றார். "எதுக்கு?" என்றேன். "எந்தக் குழா எங்க போகுதுன்னு தெரிய." நாற்பது வருடம் ஆவண அறையில் இருந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது! எந்தக் கோப்பு எந்த அலமாரியில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொன்னவன், சொந்த வீட்டுக் குழாய் எங்கே போகிறது என்று தெரியாமல் விழித்தேன். ரோஷம் வந்துவிட்டது. பழைய கோப்பு அட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டி, துளை போட்டு, நூல் கோத்து, ஒவ்வொரு குழாயிலும் ஒரு சீட்டுக் கட்டினேன். இரண்டு நாளில் இருபத்து மூன்று சீட்டு.

கட்டும்போதுதான் தெரிந்தது, நம் வீட்டில் நல்லது கெட்டது எது நடந்தாலும் நாம் ஒரு குழாய் போட்டிருக்கிறோம். அக்கா கல்யாணத்துக்குப் பின்பக்கம் ஒன்று. நீ மாடிக்குக் குடிபோனபோது ஒன்று. உன் அண்ணிக்குத் துணி துவைக்கிற மெஷின் வந்தபோது ஒன்று. அப்பாவுக்கு நடக்க முடியாமல் போனதும் கீழே அவருக்கென்று கட்டிய குளியலறைக்கு ஒன்று. புதிது போட்ட யாரும் பழையதை எடுக்கவில்லை. என்றோ இடித்துவிட்ட கழிவறைக்கு ஒரு குழாய் இன்னும் விசுவாசமாகப் போய்க்கொண்டிருக்கிறது. எல்லாவற்றிலும் அதிசயம் உன்னுடையதுதான். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து கிளம்பி, உன் வாசலைத் தாண்டிக் கீழே இறங்கி, எங்கள் சமையலறையைச் சுற்றிக்கொண்டு, படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அறைக்குள் நுழைந்து, அங்கிருந்து திரும்ப உன் வீட்டுக்கு ஏறுகிறது. "தண்ணி பாவம் சார்" என்றார் பிளம்பர். "மேல இருந்து மேல போறதுக்கு ஒரு தடவ கீழ வந்து எல்லாரையும் பாத்துட்டுப் போகுது." இத்தனைக்கும் தாய்க்குழாய் ஒன்றே ஒன்று, அதுவும் துருப்பிடித்துச் சுண்டுவிரல் நுழையாத அளவுக்கு அடைத்துக்கிடந்தது. யோசித்துப் பார்த்தால் நம்மில் யாரும் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. அவரவர் அவசரத்துக்கு இருந்ததிலிருந்தே ஒரு கிளை இழுத்துக்கொண்டோம். பிறகு தனக்கு வரவில்லை என்று அடுத்தவரைப் பார்த்தோம்.

நேராகப் புதுக் குழாய் போட அந்தப் படிக்கட்டு அறையைத் திறக்க வேண்டும் என்றார். முடியாது என்றேன். உன்னிடமும் அப்படித்தான் சொன்னேன், மறந்திருக்கமாட்டாய். அப்பாவின் சக்கர நாற்காலி, குளிக்க உட்காரும் முக்காலி, கைத்தடி எல்லாவற்றையும் அவர் போனதும் அதற்குள் வைத்துப் பூட்டியவன், அவற்றைத் திரும்பப் பார்க்கத் தைரியம் இல்லை என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மானம் போய்விடும் என்று, சொல்வதற்குப் பதில் கத்தினேன். "அண்ணே, உள்ள ஒரு வால்வு இருக்கு, ஒரு தடவ திறந்து பாத்துடுங்களேன்" என்று நீ மூன்று முறை கேட்டாய். மூன்றாவது முறை அப்பா படத்தின் மேல் கையை வைத்து, "நான் எந்த வால்வையும் தொட்டதே இல்ல, இது சத்தியம்" என்றேன். நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். அடுத்த வாரம் சாமான் ஏற்ற வண்டி வந்துவிட்டது.

பிளம்பரிடம் கத்த முடியவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டேன். நாற்காலியை எங்கும் இடிக்காமல் எடுத்து வெளியே வைத்துவிட்டு உள்ளே குனிந்தவர், "சார், இங்கயும் ஒரு சீட்டு கட்டியிருக்கீங்களே" என்றார். "அங்க நான் வரவே இல்லையே" என்றேன். அவர் படித்துக் காட்டினார்: "தற்காலிகம். அப்பா குளித்ததும் திறக்கவும்." என் கையெழுத்து. தேதி வேறு போட்டிருந்தேன். வால்வு முக்கால்வாசி மூடியிருந்தது.

எல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா வந்த வாரம், உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு, தண்ணீர் போதாமல் அவர் முக்காலியில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் ஓடிப்போய் உன் தண்ணீரை மூடியது நான்தான். குளித்ததும் திறக்க மறந்தேன். பிறகு மூடியதையே மறந்தேன். அதற்குப் பின் அப்பா எட்டு மாதம் இருந்தார். அந்த எட்டு மாதமும் நீயும் உன் வீட்டுக்காரியும் வாளி வாளியாகப் படியேறினீர்கள். என்னைக் குத்திக்காட்டத்தான் அந்த நாடகம் என்று நான் உன் அண்ணியிடம் சொன்னேன். "திறக்கட்டுமா சார்?" என்றார் பிளம்பர். தலையை ஆட்டினேன்.

இப்போது பழையது எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று நேராகப் போட்டாகிவிட்டது. நேற்று உன் குளியலறைக் குழாயைப் பழைய ஞாபகத்தில் முழுசாகத் திருகிவிட்டு, சட்டை, கண்ணாடி, கையிலிருந்த குழாய்ச் சீட்டுகள் எல்லாம் நனைந்து இறங்கி வந்தேன். உன் அண்ணி சிரித்து ரொம்ப நாளாயிற்று, நேற்று சிரித்தாள்.

ஆகவே, பொய்ச் சத்தியம் செய்தவன் நான். தெரிந்து செய்யவில்லை, ஆனால் செய்தேன். உனக்குத் தெரியாத இந்த உண்மையை உனக்குத் தெரிவிப்பது என் கடமை. ஆதாரமாக அந்தச் சீட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். என்னைத் திட்டுவதற்காகவாவது ஒரு நடை வந்துவிட்டுப் போ. குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் வீட்டுக்காரிக்கு, வாளி தூக்கிய அந்தக் கைகளுக்கு, என் வணக்கம். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: சீட்டை இணைக்கக் குண்டூசி தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் உன் அண்ணி அதைக் கையில் வாங்கி, "பின்னாடி என்னமோ எழுதியிருக்கே, பாத்தீங்களா?" என்றாள். நாற்பது வருடம் எந்தக் காகிதத்தையும் இரண்டு பக்கமும் பார்க்காமல் கீழே வைத்தவன் இல்லை நான். இதை மட்டும் திருப்பவில்லை. பின்னால் பென்சிலில், உன் கையெழுத்து: "பார்த்தேன். இருக்கட்டும். அப்பா குளிக்கட்டும்." என் தேதிக்கு மறுநாள் தேதி. ஆக, மேலே நான் பக்கம் பக்கமாக எழுதியதில் உனக்குப் புதிது எதுவுமே இல்லை. எல்லாம் எனக்குத்தான் புதிது. நீ தெரிந்தேதான் சுமந்திருக்கிறாய். நீ வீட்டை விட்டுப் போனதுகூடத் தண்ணீருக்காக இல்லை, அந்தச் சத்தியத்துக்காக. இதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு கடிதம்தான் எழுத வேண்டும், ஆனால் காகிதத்தைக் கிழித்து எனக்குப் பழக்கமில்லை. சீட்டை மட்டும் இணைக்கவில்லை. அது என்னிடமே இருக்கட்டும். வேண்டுமென்றால் நீ வந்து பார்த்துக்கொள்.