தன்னைத்தானே சஸ்பெண்ட் செய்துகொண்டவர்

"ஆளுங்கள வேலை வாங்குறதுக்கு ஒரு படிப்பா? சத்தமா அதட்டத் தெரிஞ்சா பத்தாதா?" என்று கேட்டார் என் தாய்மாமா. மனிதவள மேலாண்மைப் பட்டயப் படிப்பை, சென்னைக் கல்லூரி ஒன்றில் இணையம் வழியாகப் படிக்கப்போகிறேன் என்று சொன்னதற்குத்தான் அந்தக் கேள்வி. அரும்பாவூரில் எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். கேட்பவர்கள் கேட்டு முடிப்பதற்குள் படிப்பில் சேர்ந்துவிடுவது என் வழக்கம். சேர்ந்துவிட்டேன்.

வீட்டில் கம்ப்யூட்டர் ஏது? பெரம்பலூரில், மெமோ சார் என்று எல்லோரும் அழைப்பவரின் பிரவுசிங் சென்டரில்தான் படித்தேன். முதலாளி, தொழிலாளி சண்டை இல்லாத இடமே உலகத்தில் கிடையாது என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி இல்லை. அவர் கடையில் முதலாளியும் அவர்தான், தொழிலாளியும் அவர்தான். இரண்டு பேருக்கும் ஆகாது.

சிமெண்ட் ஆலையில், ஆட்கள் வரும் நேரத்தைக் குறிக்கும் டைம் ஆபீஸில் இருந்து விருப்ப ஓய்வில் வந்தவர். ஆலையை விட்டாரே தவிர, தப்பு செய்தவருக்கு எழுதி நீட்டும் மெமோவை விடவில்லை. என்டர் கீயை ஓங்கிக் குத்தினால் மெமோ. செருப்பைக் கோணலாக விட்டால் மெமோ. ஜன்னலில் உட்காரும் புறாவுக்குக்கூட ஒன்று எழுதி ஒட்டியிருந்தார். புறா அதன் மேலேயே பதில் அளித்திருந்தது.

சுழல் நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் முதலாளி. ஸ்டூலுக்கு மாறினால் தொழிலாளி. ஒரு தீபாவளிக்கு ஸ்டூலில் இருந்தபடி போனஸ் கேட்டார். எழுந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்து மறுத்தார். பேச்சுவார்த்தை முறிந்தது. அன்று முழுக்கச் சட்டையில் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு வேலை பார்த்தார்.

"என்ன சார் இது?" என்றேன்.

"என்னத்தம்மா சொல்ல. ஈவு எரக்கம் இல்லாத ஆளுகிட்ட மாட்டிக்கிட்டேன்."

என் கடைசித் தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. கம்ப்யூட்டரிலேயே எழுத வேண்டும். கால் மணி நேரம் தாமதித்தால் கம்ப்யூட்டர் உள்ளே விடாது. அடுத்த வாய்ப்பு ஆறு மாதம் கழித்து. "புள்ள பரீட்ச எழுதி முடிக்கட்டும், அப்புறம் மாப்பிள்ளை பாக்கலாம்" என்று அப்பா மாமாவைத் தடுத்து வைத்திருந்தார். ஆறு மாதம் கிடைத்தால் மாமா பந்தலே போட்டுவிடுவார்.

ஒன்பதே முக்காலுக்குப் போய் நின்றால் கடை பூட்டியிருந்தது. எதிர் டீக்கடை பெஞ்சில் மெமோ சார், தலையைத் தொங்கப்போட்டபடி. சாவி பக்கத்திலேயே கிடந்தது.

"சார், பரீட்சை! கடையத் தொறங்க!"

"நான் சஸ்பென்சன்ல இருக்கேம்மா. நேத்து லேட்டு. இன்னிக்கு ஒரு நாள் கடைக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னு முதலாளி உத்தரவு."

"முதலாளி நீங்கதானே சார்?"

"அதான் மீற முடியல."

"இவரு காலையில இருந்து இப்புடித்தாங்க இருக்காரு. டீ குடிக்கவும் மாட்டேங்குறாரு, சம்பளமில்லாத நாளாம்" என்றார் டீக்கடைக்காரர்.

சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடலாமா என்று நினைத்தேன். ஆனால் பாஸ்வேர்டு அவர் மண்டைக்குள் இருந்தது. வேறு வழியில்லை. படித்ததை எடுத்துவிட்டேன்.

"தொழிலாளிகிட்ட விளக்கம் கேட்டாங்களா?"

நிமிர்ந்தார். "கேக்கலியே."

"குற்றச்சாட்டு என்னன்னு எழுத்துல குடுத்தாங்களா? விசாரணை வெச்சாங்களா?"

"ஒண்ணும் இல்லம்மா!" குரலில் முதன்முறையாக நியாயம் கேட்கும் தெம்பு வந்தது.

"அப்ப விசாரிச்சுடுவோம். நேத்து ஏன் லேட்டு?"

"மொபட்டு பஞ்சருங்க. தண்ணீர்ப்பந்தல் ஸ்டாப்புல இருந்து தள்ளிக்கிட்டே வந்தேன்."

"நான் பாத்தேன்!" என்று கரண்டியைத் தூக்கினார் டீக்கடைக்காரர். "நான் தொழிலாளி பக்கம்!"

"நிர்வாகம் என்ன சொல்லுது?" என்றேன். மெமோ சார் எழுந்து பெஞ்சின் மறுமுனைக்குப் போய் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார். மணி பத்து தாண்டி ஐந்து நிமிடம்.

"பஞ்சர் விசயம் நிர்வாகத்தோட கவனத்துக்கு வரல."

"கேட்டாத்தானே வரும்? விளக்கம் கேக்காம தண்டிச்சது செல்லாது. சஸ்பென்சன் ரத்து. தொழிலாளி உடனே வேலைக்குத் திரும்பலாம்."

நிர்வாகம் கொஞ்சம் முறைத்தது. பிறகு பெருந்தன்மையாகத் தலையாட்டியது. தொழிலாளி சாவியை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து ஓடியது போல எந்தத் தொழிலாளியும் வேலைக்கு ஓடி நான் பார்த்ததில்லை.

பத்து மணி பதிமூன்றாம் நிமிடம் தேர்வுக்குள் நுழைந்தேன். எழுதி முடித்து வெளியே வந்தபோதுதான் வாசலில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன்: 'உள்ளே தேர்வு. தும்மல் வருபவர்கள் டீக்கடைக்குச் செல்லவும்.' அதன் கீழே, வெயிலில், காவலுக்கு அவர்.

தேறினேன். அரியலூரில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் சேர்ந்தும்விட்டேன். தொழிலாளர் சட்டத்தில் அடுத்த படிப்பு தொடங்கியாயிற்று, அதுவும் இணையத்தில்தான். என் மேசையிலேயே கம்ப்யூட்டர் இருக்கிறது, ஆபீஸ் முடிந்ததும் படித்துக்கொள் என்று மேலாளரும் சொல்லிவிட்டார். இருந்தும் ஞாயிறு காலை ஆனால், பெரம்பலூருக்குத்தான் பஸ் ஏறுகிறேன்.